முதலிடம் பெற்ற பாட்டும் நமது பரிசும்

நமது கலாசாலையின் ஆண்டு விழாவை ஒட்டி நடைபெறும் மெல்லிசைப் போட்டிக்கு நடுவருள் ஒருவனாக வந்திருக்க வேண்டுமென்று கேட்டு, மாணாக்கர் மன்றத்தினர் இருவர் சென்ற கார்த்திகைத் திங்களில் உப்பளத்திலுள்ள என் இல்லத்தைத் தேடி வந்தனர். பழைய மாணாக்கனை மறவாது அழைத்தமை எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஆயின், விடைபெறுந் தறுவாயில் அவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். இனி வரும் ஆண்டுகளில் நடுவர் என்போரே வேண்டுவதில்லை என்று மன்றத்தில் ஒரு சாரார் கருதுகின்றனராம். பாடுவோர் தத்தம் பாட்டைப் பதிவு செய்து, கைப்பேசி வழியாக யாவரும் காணுமாறு வெளியிட வேண்டும். பத்து நாட்களுள் எப்பாட்டு மிகுதியான பார்வைகளைப் பெறுகின்றதோ அதற்கே முதற்பரிசு. "எண்ணிக்கைக்குப் பாரபட்சம் தெரியாது, ஐயா" என்றார் இருவருள் இளையவர். எனக்குத் தெரியும் என்பது அதன் உட்கிடை. யான் நகைத்து விடைகொடுத்தேன்.

இதனை அடுத்த வாரம் ஆசிரியப் பெருந்தகை ஒருவரிடம் கூறியபோது அவர் வேறொரு முனையில் நின்று பேசினார். மெல்லிசைப் போட்டியையே எடுத்துவிடல் நலம் என்பது அவர் கொள்கை. ஊர் முழுதும் முணுமுணுக்கும் பாட்டு காலையில் முளைத்து மாலையில் உலர்வது. அதற்குக் கலாசாலை பரிசளிப்பது தகாது. பல்லோர் விரும்பினர் என்பதே அதன் தரத்தை ஐயுறப் போதிய காரணம் என்றார். இருவர் கூற்றையும் எண்ணிப் பார்க்குங்கால் எனக்கொன்று தோன்றிற்று. மாணாக்கர் எண்ணிக்கையை வணங்குகின்றனர். ஆசிரியர் அதனை இகழ்கின்றனர். ஆயினும் எண்ணிக்கை என்பது ஒரு தெளிவான பொருள் என்பதில் இரு திறத்தாரும் உடன்படுகின்றனர். அஃது அத்துணைத் தெளிவான பொருள்தானோ என்பதே என் ஐயம். இவ்வையத்தை எனக்கு உண்டாக்கியது ஓர் இசைத்தட்டு. அதன் வரலாற்றை முதலிற் சொல்கிறேன்.

புதுவையில், சிறப்பாக இந்நகரின் தென்பாகத்தில், பிரான்சு தேசத்துக் குடியுரிமை கொண்ட குடும்பங்கள் பல உள்ளமை யாவரும் அறிந்ததே. அத்தேசத்துப் பட்டாளத்தில் ஊழியம் செய்து, ஓய்வூதியம் பெற்று வாழ்ந்தோர் என் இளமையில் எங்கள் தெருவிலும் இருந்தனர். அவர்தம் மக்கள் விடுமுறைக்கு வருங்கால் வாசனைத் தைலமும் மிட்டாயும் கொண்டுவருவர். 1975-ஆம் ஆண்டு வாக்கில் அவ்வாறு வந்த ஒருவர், நிமிஷத்திற்கு 45 சுற்றுச் சுழலும் சிறிய இசைத்தட்டுகள் சிலவற்றைக் கொணர்ந்திருந்தார். அவற்றுள் ஒன்று சிறுவராகிய எங்களைப் பித்துக்கொள்ளச் செய்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. இடையிடையே மூச்சை வெடிப்பாக வெளியிடும் ஓசை மட்டும் விளங்கிற்று. அவ்வோசைக்கேற்ப ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையைப் பாழாக்கினோம். அதுதான் கார்ல் டக்ளஸ் என்பார் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்'. 1974-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த பாட்டு. அதனை ஆக்குவித்தவர் நமது பெங்களூரிற் பிறந்தவர் என்பதை யான் அறிந்தது, திண்ணைக்கு உரியவரும் காலஞ்சென்று பல்லாண்டு கழிந்த பின்னரே.

அவர் பெயர் பிட்டு. சொக்கநாதர் மண் சுமந்து உண்ட பிட்டன்று. குடகு நாட்டுக் குடும்பத்தில் 1945-ஆம் ஆண்டு பிறந்த பிட்டு அப்பையா. இலங்கை வானொலி ஒலிபரப்பிய மேல்நாட்டு மெல்லிசையைக் கேட்டு வளர்ந்தவர். அந்நாளில் நம் நாட்டு வானொலி அத்தகைய பாட்டுகளுக்கு அதிகம் இடங்கொடாமையால், கடல் கடந்து வந்த அவ்வொலியே தென்னாட்டு இளைஞர் பலருக்கு இசைப் பள்ளியாயிற்று. அவர் கித்தார் பயின்று, தோழருடன் 'டிரோஜன்ஸ்' என்னும் குழுவை அமைத்து, பெங்களூர், கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் ஆங்கிலப் பாட்டுகள் பாடித் திரிந்தார். 1960-களின் பிற்பகுதியில் மத்தியகிழக்கு நாடுகளின் வழியாகத் தரைமார்க்கமாய் வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறிச் சென்று இலண்டன் சேர்ந்தார். அங்கே அமெரிக்கத் தூதரகத்துச் சமையற்கூடத்தில் வேலை பார்த்து, மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் மணிக்கணக்கில் இடம் பிடித்தார். மணிக்கணக்கு என்ற சொல்லை வாசகர் மனத்தில் வைக்க வேண்டுகிறேன். ஏனெனில் பின்வருங் கதை அதிலேதான் தொங்குகின்றது.

1974-ஆம் ஆண்டில் பிட்டு, ஜமெய்க்காத் தீவிற் பிறந்தவரான டக்ளஸைப் பாட வைத்து ஒரு தட்டு வெளியிடத் துணிந்தார். முற்புறத்திற்குரிய பாட்டு அமெரிக்கராகிய லாரி வைஸ் இயற்றியது. மூன்று மணி நேரம் கூடம் அமர்த்தப்பட்டது. அதில் இரண்டு மணிக்கு மேல் அம்முற்புறப் பாட்டே விழுங்கிவிட்டது. பிற்புறத்திற்கு ஏதேனும் ஒன்று வேண்டுமே! உம்மிடம் சொந்தப் பாட்டு ஏதும் உண்டோ என்று பிட்டு வினவ, டக்ளஸ் தாம் எழுதி வைத்திருந்த சில சொற்றொடர்களைக் காட்டினார். புரூஸ் லீ என்னும் நடிகர் 1973-ஆம் ஆண்டு ஜூலையில் இறந்துபோக, அவர்தம் சண்டைப் படங்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பிட்டு அச்சொற்களுக்கு மெட்டமைத்தார். எஞ்சிய பத்து நிமிஷத்தில் இரண்டே முறை பாடி முடித்தனர். பிற்புறப் பாட்டை எவரும் கேளார் என்ற நினைவினாற்றான் மூச்சொலிகளையும் கூச்சல்களையும் அச்சமின்றி அதிற் கொட்டினர் என்பது அவர்கள் பின்னாளிற் சொன்ன செய்தி.

பை என்னும் இசைத்தட்டுக் கம்பெனியின் அதிகாரி ராபின் பிளாஞ்ச்ஃபிளவர் இரண்டையும் கேட்டுவிட்டு, பிற்புறத்தையே முற்புறமாக்குக என்று வற்புறுத்தினார். தட்டு வெளிவந்தது. வானொலிக்காரர் அதனைச் சீண்டவில்லை. ஐந்து வாரம் போல் அது கிடந்தவிடத்திற் கிடந்தது. அப்பால் நடனசாலைகளில் தட்டுச் சுழற்றுவோர் அதனைக் கண்டெடுத்தனர். ஆடியவர்கள் மறுநாட் காலையில் கடைக்குச் சென்று கேட்டனர். ஆகஸ்டு 17-ஆம் நாள் ஆங்கிலப் பட்டியலில் 42-ஆம் இடத்தில் நுழைந்த அப்பாட்டு, செப்டம்பர் 21-ஆம் நாள் முதலிடம் எய்தி மூன்று வாரம் அங்கு வீற்றிருந்தது. டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலிலும் இரண்டு வாரம் தலைமை பெற்றது. ஏறத்தாழ ஒரு கோடிப் பிரதிகள் விற்றன என்பர். பின்னுக்குத் தள்ளப்பட்ட லாரி வைஸைப் பற்றியும் ஒரு சொல்: அவர் இயற்றிய வேறொரு பாட்டை கிளென் கேம்பெல் பாட, அது மறு வருஷமே அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ஆதலின் அவருக்காக நாம் இரங்க வேண்டுவதில்லை.

இனி, மாணாக்கர் கட்சிக்கு நியாயம் செய்கிறேன். இக்கதையில் தேர்ந்த செவியுடையோர் என்று மதிக்கப்பட்ட வானொலிக்காரர் பிழைபட்டனர். நானே நடுவனாக அன்று அங்கிருந்திருப்பின், பத்து நிமிஷத்திற் பாடிய அக்கூச்சலுக்கு ஆறுதற் பரிசும் அளித்திருக்க மாட்டேன். ஆடுவோர் காலும் கடைக்காரர் கணக்கேடும் சேர்ந்தே அதனை மேலேற்றின. பல்லோர் விரும்பியதால் அதன் தரத்தை ஐயுறுவேன் என்ற ஆசிரியரின் கூற்றும் இவ்விடத்தில் நில்லாது. அப்பாட்டின் மத்தளக் கட்டும் நரம்புக் கருவிகளின் துள்ளலும் அடுத்த ஐந்தாண்டு மேல்நாட்டு நடன இசை செல்லவிருந்த வழியை முன்கூட்டிக் காட்டின என்பதை எவரும் மறுத்தற்கில்லை. 1976-ஆம் ஆண்டு மார்ச்சில் டீனா சார்லஸ் என்னும் நங்கையைப் பாடுவித்து, அதே பிட்டு மீண்டும் ஆங்கிலப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றார். ஒரு முறை நேர்ந்தது தற்செயலெனினும், மறுமுறையும் தற்செயலென்று தள்ளிவிடல் எளிதன்று.

ஆயின் அப்பட்டியல் என்பது யாது? விண்ணிலிருந்து இறங்கியதன்று. 1952-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிற் பணியாற்றிய பெர்சி டிக்கின்ஸ் என்பார், ஏறக்குறைய 20 கடைகளுக்குத் தொலைபேசியிற் பேசி, எத்தட்டு மிகுதியாக விற்றது என்று கேட்டெழுதி, 12 இடங்கள் கொண்ட பட்டியலாக வெளியிட்டார். அதுவே அந்நாட்டில் முதற்பட்டியல். விளம்பரம் கொடுப்போரை ஈர்ப்பது அவர் நோக்கமாயிருந்தது. டக்ளஸின் காலத்தில் சில நூறு கடைகள் தத்தம் விற்பனையை ஏட்டிற் குறித்து வாரந்தோறும் அஞ்சலில் அனுப்பின. எவ்வெக் கடைகள் கணக்கில் உள்ளன என்பதை உளவறிந்து, ஆள்விட்டுத் தம் தட்டைத் தாமே வாங்கிய கம்பெனிகளும் உண்டு. எண்ணிக்கைக்குப் பாரபட்சம் தெரியாதாயினும், எண்ணுகிறவனுக்கும் எண்ணப்படுகிறவனுக்கும் அது நன்றாகத் தெரியும். இந்நாளிற் பார்வைகளையும் விலைக்கு வாங்கலாம் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர்களே நம் மாணாக்கர்தாம்.

வியப்பென்னவெனில், அதே 1952-ஆம் ஆண்டின் இறுதியிலேயே நமக்கும் ஒரு பட்டியல் பிறந்தது. திரைப்பாட்டுகளை நமது வானொலி ஒதுக்கி வைத்த அவ்வேளையில், கொழும்பிலிருந்து இலங்கை வானொலி, பற்பசை வணிகர் ஆதரவில், 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. அமீன் சயானி என்பார் பம்பாயிற் பேசிப் பதிந்த நாடா வாரந்தோறும் விமானத்திற் கொழும்புக்குச் செல்லும். புதன்கிழமை மாலை இந்திய நாடு முழுதும் காது கொடுத்திருக்கும். பின்னாளில் அங்கே பாட்டுகள் தர வரிசையில் நின்றன. கடை விற்பனையோடு, ஊர்தோறும் கூடிய நேயர் சங்கங்கள் எழுதியனுப்பிய விருப்பமும் கணக்கிற் சேர்ந்தது. விற்பனை மட்டும் கணக்காகாமல், பத்துப் பேர் ஓரிடத்திற் கூடி வாதாடி எழுதிய கடிதமும் கணக்கானதை யான் இவ்விடத்திற் சிறப்பாகக் குறிக்கிறேன். விரல் நுனியாற் தொட்டு நகர்வதற்கும் ஒரு கூட்டத்திற் கேட்டுப் பேசித் துணிவதற்கும் வேற்றுமை உண்டல்லவா?

பட்டியல் காட்டாத செய்திகள் இரண்டு சொல்வேன். முதலாவது, அப்பாட்டின் தொடக்கத்தில் வருகின்ற சிறு மெட்டு. சீன இசையென்றே நாங்கள் சிறுவயதில் நம்பினோம். அது சீன தேசத்து இசையன்று. சீனரை மேடையிற் காட்டுவதற்கென்று மேல்நாட்டார் நெடுங்காலமாக வழங்கிவந்த ஒரு முத்திரை. ஜமெய்க்காவிற் பிறந்தவரும் பெங்களூரிற் பிறந்தவரும் இலண்டனிற் கூடி, மூன்றாமவராகிய சீனரைப் பிறர் காட்டிய வண்ணமே காட்டினர். தீயெண்ணம் இருந்ததென்று யான் கூறேன். பத்து நிமிஷத்தில் எவர்க்கும் கைக்கு வருவது பழகிய முத்திரைதானே. ஆயினும், வெளிநாட்டுப் படங்களிற் பாம்பாட்டி மகுடியைக் கேட்டவுடன், இதோ இந்தியா என்று காட்டும்பொழுது நமக்கு உண்டாகும் கூச்சத்தை எண்ணிப் பார்க்க. ஒரு கோடிப் பிரதி என்ற எண், இக்கூச்சத்தைக் கழித்தும் சொல்லாது, கூட்டியும் சொல்லாது.

இரண்டாவது, எவர் உழைப்பு என்னும் வினா. முதலிடத்தில் நின்ற பெயர் டக்ளஸினுடையது. மெட்டையும் கட்டையும் அமைத்த பிட்டின் பெயரை, பாட்டை அறிந்த ஆயிரவருள் எத்துணைப் பேர் அறிவர்? மத்தளம் கொட்டினவரையும் வயலின் வாசித்தவரையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூடத்தில் மணிக்கணக்கில் கூலி பெற்று வாசித்துவிட்டுப் போவோருக்கு, அத்தட்டு நூறு விற்றாலும் கோடி விற்றாலும் ஊதியம் ஒன்றே என்பது அத்தொழிலின் பொது வழக்கு. நமது நாட்டிலும் பாட்டெழுதுவோரும் மெட்டமைப்போரும் தம் உரிமைப் பங்கை எழுதிக் கொடுத்து இழந்துவிடாதவாறு சட்டம் காத்தது 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே.

இவ்விடத்தில் இளங்கோவடிகள் நினைவுக்கு வருகின்றார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நம் மாணாக்கர் பரீட்சைக்காகப் படித்துப் பின் மறந்துவிடுகின்றனர். யானும் அவ்வாறே செய்தவன். மாதவி ஆடுவதன் முன்னம், ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவர் அமைதியையும் அடிகள் தனித்தனியே விரித்துரைக்கின்றார். அதன் பின்னரே ஆடல். அதன் பின்னரே மன்னன் அளித்த தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மாலையும். அந்த ஆயிரத்தெட்டு என்னும் எண் அடுத்த கணமே அரங்கை விட்டு நகர மறுகிற்குப் போய்விடுகின்றது, கூனி ஒருத்தி கையில் விலைகூறப்படுகின்றது, கோவலன் வாங்குகின்றான். குழலாசிரியனைப் பற்றி அம்மறுகில் எவரும் கேட்கவில்லை. அடிகள் எண்ணைச் சொல்லாமல் விடவில்லை, ஆனால் அதனை ஆசிரியர் அறுவருக்கும் பின்னே வைத்தார்.

பிட்டின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. அது நம் நாட்டோடு தொடர்புடையதாகலின் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். 1980-ஆம் ஆண்டு ஃபிரோஸ் கான் எடுத்த 'குர்பானி' என்னும் இந்திப் படத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பிட்டு இசையமைத்தார். பாடியவள் கராச்சியிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த நாசியா ஹாசன், வயது 15. பள்ளிச் சிறுமியின் அக்குரல் இரு தேசத்து எல்லையையும் பொருட்படுத்தவில்லை. படத்தின் ஏனைய பாட்டுகளுக்கு இசையமைத்தோர் கல்யாண்ஜி, ஆனந்த்ஜி ஆவர். ஆயினும் ஊரார் வாயில் நின்றது இதுவே. அவ்வாண்டுக்குரிய ஃபிலிம்ஃபேர் பரிசு அச்சிறுமிக்குக் கிடைத்தது. 1981-ஆம் ஆண்டு 'டிஸ்கோ தீவானே' என்னும் தொகுப்பு வெளிவந்து, திரைப்படத் துணையின்றியே மெல்லிசைத் தட்டு விற்கும் என்பதை இந்நாட்டு வணிகருக்குக் காட்டிற்று. நாசியா 2000-ஆம் ஆண்டு, தம் 35-ஆம் வயதில், புற்றுநோயால் இலண்டனிற் காலமானார். பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன.

நமது தமிழ்த் திரையிலும் அக்காலத்தே அந்த நடனக் கட்டு புகுந்தது. 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 'சகலகலா வல்லவன்' படத்தில் இளையராஜா இசையமைக்க, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய புத்தாண்டுப் பாட்டை அறியாதார் இலர். டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவில் புதுவைக் கடற்கரையில் நிற்போர் அதனைத் தம் செவிகளாற் கேளாமல் வீடு திரும்புதல் அரிது. உப்பளத்திலும் அவ்விரவு ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு அதனையே முழக்க, என் உறக்கம் நாற்பதாண்டாகக் கெட்டுவருகின்றது. அப்பாட்டு எந்தப் பட்டியலில் எத்தனை வாரம் நின்றது என்று எவரும் இன்று கேட்பதில்லை. ஆண்டுதோறும் அவ்விரவில் மக்கள் அதனைத் தேடி எடுக்கின்றனர், அவ்வளவே. ஒரு பாட்டு நிலைத்திருப்பதைப் பத்து நாட் கணக்கு எங்ஙனம் காட்டும்? 'ரௌடி பேபி' நூறு கோடிப் பார்வை பெற்றதை 2020-ஆம் ஆண்டில் யாவரும் கொண்டாடினோம். யானும் அந்நூறு கோடியில் ஏழெட்டு முறை பங்கு கொண்டவன். பேரப்பிள்ளை மடியிலிருந்தான் என்பது என் சமாதானம். அப்பாட்டும் நாற்பதாண்டு கழிந்து எவர் உறக்கத்தையேனும் கெடுக்குமாயின் அன்றைக்கு அதன் அளவு தெரியும்.

ஆகவே நம் மன்றத்தார் கொணர்ந்த யோசனைக்கு என் விடை இது. மெல்லிசைப் போட்டியை எடுத்தல் கூடாது. இதில் ஆசிரியப் பெருந்தகையுடன் யான் மாறுபடுகிறேன்; பிட்டும் டக்ளஸும் நம் ஆண்டு விழாவுக்கு வந்திருந்தால் வாயிலிலேயே நிறுத்தப்பட்டிருப்பர் என்ற எண்ணம் எனக்கு வருத்தந் தருகின்றது. பரிசைப் பார்வைக் கணக்கிற்கு விடுதலும் கூடாது. கைப்பேசியும் பெரிய சுற்றமும் உடைய செல்வர் வீட்டு மாணாக்கருக்கும், விடுதியில் ஐவர் சேர்ந்து ஒரு கைப்பேசியைப் பங்கிட்டுக் கொள்ளும் மாணாக்கருக்கும் இடையே அக்கணக்கு நடுவுநிலை வகிப்பதாகச் சொல்வது எனக்கு விளங்கவில்லை. சென்ற மாதம் வேறோர் ஊரிலுள்ள கலாசாலையில் இம்முறையைக் கையாண்டனராம். முதற்பரிசு பெற்றவரின் மாமன் வெளிநாட்டில் ஒரு பெரிய தொழிற்கூடத்து மேலாளர் என்று கேள்வியுற்றேன். பாட்டும் நன்றாகவே இருந்ததாம். இருந்திருக்கலாம்.

நடுவர் மட்டும் போதுமென்றும் சொல்லேன். நடுவர் தவறுவர் என்பதை மேலே நானே ஒப்புக்கொண்டேன். பழைய நேயர் சங்கத்தாரைப் போல, மண்டபத்திற்கு வந்திருந்து எல்லாப் பாட்டையும் முற்றக் கேட்ட மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டுக் கொடுத்து, அச்சீட்டுகளுக்குப் பாதியும் நடுவர் மூவருக்குப் பாதியும் வைக்கலாம். ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவோருக்குச் சீட்டு இல்லை. இன்னொரு வேண்டுகோளும் உண்டு, அது செலவில்லாதது. நிகழ்ச்சி நிரலில் பாடுவோர் பெயரை மட்டும் அச்சிடுவது நம் வழக்கம். இவ்வாண்டு தபேலா வாசித்த மாணாக்கர் மூன்று பாட்டுகளுக்கும், விசைப்பலகை வாசித்த மாணாக்கி ஐந்து பாட்டுகளுக்கும் துணைநின்றனர். மேடைக்கு வலப்புறத்துத் தூணின் நிழலில் அவர்கள் அமர்ந்திருந்தமையால் பலர் அவர்களைக் கண்டிலர். அவர்கள் பெயரையும் அடுத்த ஆண்டு நிரலில் அச்சிடுமாறு மன்றத்தாரைக் கேட்டிருக்கிறேன். இடம் போதாதென்றால் நடுவர் பெயரை எடுத்துவிடலாமென்றும் எழுதியிருக்கிறேன்.